கழுத்துக்குப் பின்னால் ஒரு கை

முதுகம்மாவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. முதுகுகள் மட்டும் ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது. தெருக்கோடியில் புள்ளியாகத் தெரிகிறவரைப் பின்பக்கமாகப் பார்த்தே, "அதோ போறாரே, பழைய நாடகத்து ராஜா, இன்னும் வலது இடுப்ப சாய்ச்சுத்தான் நடக்கறார்" என்பாள். அதே ராஜா எதிரே வந்து வணக்கம் வைத்தால், "யாருங்க நீங்க?" என்று விழிப்பாள்.

தொழில் அப்படி. நடிகர்களுக்கும் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நிற்க, உட்கார, மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பவள் அவள். "நிக்கறதுக்கெல்லாம் ஒரு டீச்சரா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்தான் பிற்பாடு கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அறை வாசலில் காத்துக் கிடந்தார்கள். அரங்கத்து மாடியில் ஓர் ஆளுயரக் கண்ணாடி, சில நாற்காலிகள். அவ்வளவுதான் அவள் சாம்ராஜ்யம்.

அன்று நாற்காலியில் வயலின்காரர். கழுத்துக்குப் பின்னால் முதுகம்மாவின் கை. எறும்பு உட்கார்ந்தால்கூட அதைவிடக் கனமாக இருக்கும்.

"எழுந்திருக்கணும்னு நினைங்க. எழுந்திருக்காதீங்க."

"அப்புறம் எப்பதான் எழுந்திருக்கறது?"

"கழுத்துல இருக்கற அவசரம் போனப்புறம்."

"அப்ப அடுத்த பிறவியிலதான் டீச்சர்."

வழக்கமாக இதற்குச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. முதல்நாள் மகள் போன் செய்திருந்தாள். வரப்போகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு மகளின் வருகை தேய்ந்து, கடைசியில் நின்றே போயிருந்தது. காரணம் கல்யாணப் போட்டோ. கேமராக்காரர் தயாரான நேரத்தில் முதுகம்மா "தாடை!" என்று ஒரு சத்தம் போட்டாள். சம்பந்தி வீட்டார் உட்பட மண்டபமே தாடையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆல்பம் முழுக்க எல்லாரும் எதையோ விழுங்கிவிட்டு முழிக்கிற மாதிரிதான் இருக்கும். மகளின் முகத்தில் மட்டும் அழுகை.

போனில் மகள் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கெழம வர்றேன்மா. ஒரே ஒரு கண்டிஷன். என் கழுத்து, தோள், முதுகு, இதப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சு, செருப்ப மாட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். அதோட சரி, இனிமே கூப்பிடாத."

"இடுப்பு?"

"அம்மா!"

"இல்லடி, நீ சொன்னதுல அது வரலையேன்னு கேட்டேன்."

இதை வயலின்காரரிடம் சொன்னபோது மனிதர் துள்ளிக் குதித்தார். "மாட்டினீங்களா! எங்களுக்குச் சொல்றதத்தான் நீங்களும் செய்யணும். சொல்லணும்னு நினைங்க. சொல்லாதீங்க."

சொல்வது சுலபம். நாளெல்லாம் ஊரார் கழுத்தில் கை வைப்பவள், வீட்டுக்கு வந்தால் கதவின் தாழ்ப்பாளைத் தவிர எதையும் தொடுவதில்லை. கணவர் போனபின் அவள் கழுத்தைத் தொட்டது சால்வை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வந்தவள் சோபாவில் ஈரத்துண்டு மாதிரி தொப்பென்று விழுந்தாள். தலை முன்னே தொங்கியது. இடது தோள் காதோடு ரகசியம் பேசப் போவதுபோல் மேலே ஏறியிருந்தது. முதுகம்மாவின் கைகள் தாமாகவே கிளம்பின. பிடித்து இழுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மகள் ஆபீஸைப் பற்றிச் சொன்னாள். ஒழுகும் குழாயைப் பற்றிச் சொன்னாள். மாமியாரின் குறட்டையில் ஜன்னல் கதவு தானாகத் திறந்துகொண்ட கதையைச் சொன்னாள். பிறகு நெற்றியைத் தேய்த்தபடி, "ஒரே தலவலிம்மா. எத்தன மாத்தர போட்டாலும் போகல" என்றாள்.

எங்கிருந்து வருகிற வலி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள் முதுகம்மா. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைப் பற்களுக்கு நடுவே அமுக்கினாள். கால்விரல்கள் சுருண்டன. தோள்கள் காதைத் தொட்டன.

"அப்படியா" என்றாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, நீ மூச்சு விடறியா?"

"விடறேனே."

"எப்ப விட்ட? நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன். மூஞ்சி தக்காளி மாதிரி செவந்து கெடக்கு!"

"நீதானடி கண்டிஷன் போட்ட."

"வாயத்தானே மூடச் சொன்னேன், மூக்கையுமா?"

மகள் சிரித்துக்கொண்டே எழுந்து பின்னால் போனாள். முதுகம்மாவின் கழுத்துக்குப் பின்னால் ஒரு கை வந்து உட்கார்ந்தது. அவள் வைக்கிற அதே இடம். சின்ன வயதில் தினமும் வாங்கிக்கொண்டதை மகள் மறக்கவில்லை.

"ஒண்ணும் செய்யாத" என்றாள் மகள்.

முதுகம்மா ஒன்றும் செய்யவில்லை. தோள்கள் தாமாகவே இறங்கின. எங்கோ மாட்டிக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது.

ஆனால் கட்டைவிரல்! மகள் அதை அழுத்திக்கொண்டிருந்தாள். அது கூடாது, கட்டைவிரல் சும்மா கிடக்க வேண்டும், முதல் பாடமே அதுதான். சொன்னால் கை போய்விடும். சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகளின் போன் அடித்தது. கை எடுக்கப்பட்டது. செருப்பை மாட்டும்போது முதுகம்மா கேட்டாள், "அடுத்த ஞாயித்துக்கெழம?"

"பாக்கலாம்மா."

ஜன்னலிலிருந்து முதுகம்மா அந்த முதுகைப் பார்த்தாள். கனத்த பை இடது தோளை இழுக்க, அது கோணலாகவே நடந்துபோய்த் திருப்பத்தில் மறைந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையைத் தன் கழுத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். சரியான இடம், சரியான கனம். ஆனாலும் அது அவளுடைய கைதான். எடுத்துவிட்டாள்.

கட்டைவிரல் அழுத்திய இடம் லேசாக வலித்தது. அதைத் தேய்த்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.