ஆளில்லாத நாற்காலியின் அளவு

1

26.8.2010, வியாழன். மாலை ஐந்து மணி. வகுப்பு ஆறரைக்கு.

ஒரு சின்னத் தவறு நடந்திருக்கிறது. இதே நோட்டில் பதினெட்டாம் தேதிப் பக்கத்தில், "அனிதாவின் சக்கர நாற்காலி: அகலம் 25 அங்குலம். ரயில் பெட்டியின் வாசல்: 26 அங்குலம். ஒரு அங்குலம் மிச்சம்" என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறேன். வாசலின் அளவு சரி. நாற்காலியின் அளவு தப்பு.

இந்தக் கதை அந்த ஒரு அங்குலத்திலிருந்து வந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. பகலில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வேலை; மஞ்சக்குப்பத்தில் மாலை வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறேன். ஆண்டு மலருக்கு, போன ஞாயிறு போய்வந்த சுற்றுலாவைப் பற்றி யாராவது இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்றார்கள். நான் கை தூக்கினேன். கட்டுரையாக எழுதினால் என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். கதையாக எழுதினால் அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம். (முதல் வரைவில் அளவெடுத்தவன் பெயர் கதிர்வேல். அப்படி ஒருவர் எங்கள் வகுப்பிலேயே இல்லை.)

என் பெயர் லோகநாயகி. அளந்தது நான்தான்.

2

தொடக்கம் ஒன்று: கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இளங்காற்று தவழ்ந்து வந்து —

அன்று காற்றே இல்லை. எல்லோருக்கும் முதுகு நனைந்திருந்தது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: ஆரோக்கிய அனிதா மனவலிமை மிக்க பெண். விதி அவள் கால்களை முடக்கினாலும் —

இதை அனிதாவிடமே படித்துக் காட்டினேன். வகுப்பில் அவள் என் பக்கத்து மேஜை. பகலில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வரைபடத்தில் எழுத்து எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். வாய் மட்டும் அவ்வளவு சீராக இருக்காது.

"விதியா? போலியோடி அது. சொட்டு மருந்து குடுக்க வந்தப்ப எங்கம்மா என்னைத் தூக்கிக்கிட்டு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. அத எழுது."

"மனவலிமைன்னும் எழுதியிருக்கேனே."

"கார்த்தால எந்திரிச்சு பல்லு வெளக்க மனவலிமையா வேணும்? எனக்குத் தூக்கம் ஜாஸ்தின்னு எழுது. அதாச்சும் உண்மை."

எழுதிவிட்டேன். அனிதாவுக்குத் தூக்கம் ஜாஸ்தி.

3

இங்கே கதை நின்றுவிட்டது. அனிதாவுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதாமல் அவளை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாரும் அவளைத் தூக்கக் கூடாது.

அதற்குக் காரணம் ஒரு காலண்டர். போன வருஷம் கோடையில் அவர்கள் வட்டாரச் சர்ச்சான பங்குக் கோயிலிலிருந்து ஒரு பயணம் போனார்கள். பேருந்தில் ஏற்ற நாலு பையன்கள் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒரு பக்கம் உயர்ந்து, ஒரு பக்கம் தாழ்ந்து, அவள் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுடிதார் முழங்காலுக்கு ஏறிக்கிடக்க, அந்தச் சமயத்தில் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். இந்த வருஷக் காலண்டரில் அது வந்துவிட்டது. அடியில் "அன்பின் கரங்கள்" என்று போட்டு. எந்த மாதம் என்றால், ஆகஸ்ட்.

"வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் பாத்துட்டு, எவ்ளோ நல்ல பசங்கன்றாங்க. நாலு பேரும் நல்லாத்தான் சிரிக்கிறானுங்க. என் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல" என்றாள்.

சுற்றுலா தீம் பார்க்குக்கு என்று முடிவானதும் அவள் என்னிடம் சொன்னது இது:

"ஒரு தடவ கூட தூக்காம போயிட்டு வர முடியும்னா வர்றேன். இல்லன்னா வரல. நீ பாத்துக்கிறியா?"

"பாத்துக்கறேன்."

(இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று நாள் ஆனது. சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.)

4

தீம் பார்க்கின் பெயரை எழுதப் போவதில்லை. சிதம்பரத்துக்கு முன்னாலேயே கடல் பக்கம் திரும்பும் சாலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளைச் சவுக்குத் தோப்பில் நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து பார்க் வாசல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அவ்வளவும் மணல். அதனால் சின்ன ரயில் ஒன்று விட்டிருக்கிறார்கள். முகத்தில் திமிங்கலம் வரைந்த ரயில். எல்லோரும் அதில்தான் போக வேண்டும்.

நான் முறையாகத்தான் செய்தேன். ஆகஸ்ட் 15, விடுமுறை. தனியாகப் பேருந்தில் போய் டேப் வைத்து அளந்தேன். பிளாட்பாரத்துக்கு ஏறச் சிமெண்டுச் சரிவு: உண்டு. பிளாட்பாரமும் பெட்டியின் தரையும்: ஒரே மட்டம். கடைசிப் பெட்டியில் நாற்காலி நிற்க இடம்: உண்டு, ஒரு பெஞ்சு எடுத்திருக்கிறார்கள். வாசல்: இரு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவே 26. "வீல்சேர் வரலாமா?" என்று கவுண்டரில் கேட்டதற்கு "தாராளமா வரலாம்" என்றார்கள்.*

பதினெட்டாம் தேதி அனிதா வீட்டுக்குப் போனேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி நடையில் நின்றது. வந்த வேலையை முடித்துவிடலாமே என்று டேப்பை எடுத்தேன். 25.

* அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தோப்பு வரைக்கும் தாராளமாக வரலாம்.

5

ஞாயிற்றுக்கிழமை.

அனிதாவின் அக்கா வீட்டுக்காரர் மரிய ஜோசப்புக்கு ஒரு குட்டியானை வண்டி இருக்கிறது. துறைமுகத்திலிருந்து மீன்பெட்டி ஏற்றுகிற சின்னச் சரக்கு வண்டி. பின்னால் பலகை போட்டால் அனிதா தானே உருட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். அப்படித்தான் வந்தாள். மற்றவர்கள் வேனில். சவுக்குத் தோப்பில் எல்லோரும் இறங்கினோம். சரிவில் அவளே ஏறினாள். கடைசிப் பெட்டியின் முன் நேராக வந்து நின்றாள். நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

முன்சக்கரம் இரண்டும் உள்ளே போயின. பெரிய சக்கரம் கம்பியில் முட்டியது.

அவள் பின்னால் வந்து, மறுபடி நேராக்கி, மறுபடி தள்ளினாள். இந்த முறை விரல் முட்டி கம்பியில் உரசித் தோல் போனது.

நான் நோட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். 25 என்றுதான் இருந்தது.

என்ன நடந்தது என்பது இப்போது தெரிகிறது. அது பழைய நாற்காலி. உட்காரும் ரெக்சின் தளர்ந்துவிட்டது. ஆள் உட்கார்ந்தால் ரெக்சின் தொய்கிறது. அடியில் குறுக்கே போகும் கம்பிகள் அழுந்தி, சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வெளியே விரிகின்றன. அதற்கு மேல் சக்கரத்தைப் பிடித்துத் தள்ள இரண்டு கைகள் வேண்டும். கைகளுக்கு அகலம் உண்டு. எனக்குத் தோன்றவே இல்லை.

"மச்சான், ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்கடா. ஒரு நிமிஷ வேலை, தூக்கிடலாம்" என்று கண்ணாயிரம் சட்டைக் கையை மடித்தான். எங்கள் வகுப்புதான். நல்ல பையன். அதுதான் சங்கடம்.

அனிதா திரும்பவில்லை. "கண்ணாயிரம், உன்ன நாலு பேரு தூக்குற நாளு ஒண்ணு வரும். அதுவரைக்கும் பொறுமையா இரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

மரிய ஜோசப், "நான் வண்டியிலயே பார்க்கு கேட்டு வரைக்கும் வுட்டுர்றேன்" என்றார். காவலாளி, "வண்டிக்கு அனுமதி இல்ல சார். போனாலும் மணல்ல மாட்டிக்கும்" என்றார். ரயிலுக்குள் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. யாரோ ஒரு அம்மா, "பாவம், சீக்கிரம் ஏத்துங்கப்பா" என்றார்.

அனிதா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

6

முடிவு அ: அனிதா கண்ணீருடன் வீடு திரும்புகிறாள். மறையும் வண்டியைப் பார்த்தபடி கதிர்வேல் தன் அளவு நாடாவைத் தூர எறிகிறான்.

அனிதா படித்துவிட்டுச் சொன்னது: "நான் எங்கடி அழுதேன்? அழுதது நீ. அப்புறம், அந்த டேப்பு ஆபீஸ் டேப்பு. எறிஞ்சிருந்தா உங்க இன்ஜினியர் உன்ன எறிஞ்சிருப்பாரு."

முடிவு ஆ: அப்போது வெள்ளைச் சட்டை அணிந்த மேலாளர் விரைந்து வருகிறார். "எங்கள் தவறு, அம்மா" என்று —

யாரும் வரவில்லை.

முடிவு இ: நடந்தது.

தாமதம் ஏன் என்று பார்க்க ரயில் ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். பெயர் பக்கிரி. ஐம்பது வயது இருக்கும். வாசலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அனிதா அவரைப் பார்க்கவில்லை. ரயிலின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டிக்கும் பின்னால் கூரையில்லாத ஒரு பெட்டி இருந்தது. வாசலே கிடையாது, ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. பிளாட்பாரத்திலிருந்து அதற்குள் ஓர் இரும்புத் தகடு போட்டிருந்தது.

"அண்ணே, அது என்னா?"

"அது சரக்கும்மா. உள்ள கடைங்களுக்கு சோடா, ஐஸ்பெட்டி போவும்."

"சோடா எப்படி ஏறுது?"

"தள்ளுவண்டியிலதான். தகடு போட்டு அப்படியே உருட்டிட்டுப் போயிடுவோம்."

"தூக்க மாட்டீங்களா?"

"எவன் தூக்குவான் அத்தினி கனத்த? இடுப்பு போயிடாது?"

முதலில் சிரித்தது அனிதா. அவளுக்குச் சிரிப்பு வந்தால் சீக்கிரம் நிற்காது. பக்கிரிக்கும் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போலும். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே, அந்த சோடாவ கொஞ்சம் தள்ளி வைங்க. நானும் கனம்தான்."

பக்கிரியும் கண்ணாயிரமும் பெட்டிகளை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். அனிதா தகட்டில் உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கடகடவென்று பெரிய சத்தம். நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். சரக்குக் கட்டும் கயிற்றைப் பக்கிரி தயங்கித் தயங்கி நீட்ட, அவளே வாங்கிச் சக்கரத்தில் கட்டினாள். நான் ஒரு ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்தேன். ரயில் கிளம்பியது.

எல்லோரும் முன்னால் திமிங்கலத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் பின்னால் போகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போனோம். சவுக்குத் தோப்பில் மரிய ஜோசப் இரண்டு கையையும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது பக்கிரி காலிப் பாட்டில்களை ஏற்றாமல் பெட்டியைச் சும்மா வைத்திருந்தார். அன்று முழுவதும் அனிதாவை யாரும் தூக்கவில்லை.

7

இந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒருத்தி சோடாவோடு சோடாவாகப் போனதை நல்ல முடிவு என்று எழுதலாமா? அவள் சிரித்தாள் என்பதால் அது சரியாகிவிடுமா? திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது, அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, இனி என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். அவள் தன் மேஜையிலிருந்து ரப்பரை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

"அளவுக்காரி, இந்தா. நெறைய அழிக்க வேண்டியிருக்குமே."

அவ்வளவுதான். அன்று ஒரு கோடுகூட நேராகப் போடவில்லை நான். சந்தோஷத்தில்.

நேற்று முடிவு 'இ'யைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. என்னை யாரும் தொடல, அது எனக்குப் பெருசு. ஆனா இதோட முடிச்சின்னா எல்லாரும் ஆஹான்னு மலரை மூடி வெச்சிடுவாங்க. அடுத்த வாட்டியும் நான் சோடா கூடவே போவணும். மழை வந்தா நனைஞ்சுகிட்டு."

"அப்ப எப்படி முடிக்கிறது?"

"முடிக்காத. அந்த அண்ணன் கடைசியா சொன்னத ஏன் வுட்டுட்ட?"

விட்டுவிட்டேன்தான். என் தப்பு அதில் இன்னொரு தடவை தெரிகிறது என்பதால். சாயந்திரம் தோப்பில் இறங்கிய பிறகு பக்கிரி என்னிடம் சொன்னது:

"அந்த வாசக் கம்பி ரெண்டும் போல்ட்டுலதாம்மா நிக்குது. கழட்டித் தள்ளி வெச்சிடலாம். செவ்வாக்கெழம பார்க்கு லீவு. நாளன்னிக்கி இல்ல, அதுக்கு அடுத்த செவ்வா வெல்டர் வர்றாரு. நீ படம் போடுற பொண்ணுதானே? ஒரு தாள்ல அளவு போட்டுக் குடு, சூப்பர்வைசர்கிட்ட காட்டுறேன். எத்தினி இஞ்சு வேணும்?"

சொல்ல என்னிடம் யாருமில்லாத நாற்காலியை அளந்த எண் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது தொடக்கத்திலும் முடிவு 'அ'விலும் அனிதாவையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது படுகிறது. அவள் அறையில் இல்லாதபோது.

"எழுதிக் குடுத்தனுப்பறேன் அண்ணே" என்றேன். மரிய ஜோசப் சனிக்கிழமை அந்த வழியாகச் சிதம்பரத்துக்கு மீன் ஏற்றிப் போகிறார். தாளை அவர் கொண்டுபோய்க் கொடுப்பார்.

சூப்பர்வைசர் சம்மதிப்பாரா, வெல்டர் வருவாரா, எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்த வாசல் அகலமாகியிருக்கும், அல்லது 26 ஆகவே இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் கடைசிப் பெட்டியில் ஏறும்போது ஒரு டேப் வைத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: ........ அங்குலம்.

நாளை, வெள்ளி: மாலை ஐந்தரைக்கு அனிதா வீடு. டேப், பென்சில், கோடு போடாத தாள் இரண்டு. நாற்காலியில் அனிதாவை உட்காரச் சொல்லி, கைகளைச் சக்கரத்தில் வைக்கச் சொல்லி, அதன் பிறகு அளக்க வேண்டும்.