கொக்கி மாட்டாத ஆள்

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது நான் விசில் ஊதியிருக்கக் கூடாது.

என்னோடு வேலை பார்த்த கி-யோல் அண்ணனின் வேடம் போட்ட நடிகர் எட்டு மீட்டர் உயரச் சாரத்தில், இடுப்புக் கொக்கியை எங்கும் மாட்டாமல் நடந்தார். இதே கோஜே கப்பல் கட்டும் தளத்தில் பத்தொன்பது வருஷம் கிரேனுக்கு விசில் ஊதிச் சைகை காட்டியவனுடைய வாய். என்னைக் கேட்காமலே ஊதிவிட்டது. துணை நடிகர்கள் முப்பது பேரும் பழைய வெல்டர்கள். ஆபத்து விசில் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்து, அப்படியே குந்திவிட்டார்கள்.

"ஓக் அண்ணே, உங்கள ஆலோசகரா வச்ச என்னைத்தான் ஒதைக்கணும்," என்றாள் தயாரிப்பு நிர்வாகி பாங். "வெளிச்சம் போயிட்டிருக்கு."

"அந்தாளு கொக்கி மாட்டலம்மா."

"மாட்டக் கூடாது. கதையில மறந்து போயித்தான விழறாரு?"

நிமிர்ந்து பார்த்தேன். சாரத்தின் நீளத்துக்கும் புது மஞ்சள் கயிறு. கொக்கியை மாட்டுவது இதில்தான்; உயிர்க்கயிறு என்போம். கி-யோல் அண்ணன் விழுந்து செத்த அன்று அது அங்கே இல்லை. கிரேன் சீக்கிரம் உள்ளே வரட்டும் என்று தளத்து அதிகாரிகள் காலையிலேயே அவிழ்க்கச் சொன்னார்கள். விசாரணை அறிக்கையோ 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்துவிட்டது. படமாவது உண்மையைச் சொல்லும் என்று அண்ணி சூக்-ரேயிடம் பேசிப்பேசி, அண்ணனின் நிஜப்பெயரைப் போடக் கையெழுத்து வாங்கித் தந்த புத்திசாலி நான்தான். அண்ணி அதோ, மடக்கு நாற்காலியில்.

நான் படித்த திரைக்கதையில் கயிற்றை அவிழ்க்கும் காட்சி இருந்ததே என்று கதாசிரியரிடம் போனேன். "டைரக்டரக் கேளுங்க," என்று செல்போனுக்குள் குனிந்துகொண்டார்.

டைரக்டர் தோளில் கை போட்டார். "ஹீரோகிட்ட ஒரு குறை இருக்கணும் ஓக் சார். அப்பத்தான் ஜனங்க அழுவாங்க."

"குறைக்கென்ன பஞ்சம்? அண்ணன் பாடுவாரு. கேட்டா நீங்களே அழுவீங்க. அதப் போடுங்களேன்."

அவர் மட்டும் சிரித்தார்.

திரும்பினால் அண்ணி பின்னால் நிற்கிறாள். கையில் ஆறிப்போன காபிக் கோப்பை.

"தம்பி, அந்தப் பையன் ஏன் கொக்கி மாட்டாமப் போறான்?"

"ஒத்திகை அண்ணி."

"விசில் ஊதற வாய்க்குப் பொய் வரல." கயிற்றையே பார்த்தாள். "கயிறு இருந்தும் மாட்டாத ஆளா அவரு?"

பாங் குறுக்கே போனாள், வழிமறித்தேன்.

"யாரு மாத்துனது? சுத்தி வளைக்காமச் சொல்லு."

"அண்ணே, அப்புறம்..."

"இப்பச் சொல்லு."

கப்பல் தளத்தின் வெள்ளை ஹெல்மெட் அதிகாரி வாசலருகே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் திரைக்கதை, காதில் பென்சில். பாங் அவரைப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, அண்ணியைப் பார்த்துச் சொன்னாள்:

"கயிறு அவுக்குற காட்சி இருந்தா படம் எடுக்கத் தளத்து வாசக் கேட்டத் தொறக்க மாட்டோம்னாங்க. அதத் தூக்கிட்டோம். நீங்க கையெழுத்துப் போட்டீங்களேம்மா, அதுக்கு முந்தின நாளே."