மேஸ்திரிக்கு டயப்பர் வேண்டாம்

என் மகளை வீட்டில் நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். இன்னும் மூன்று வயது நிறையவில்லை. அவள் அம்மா குழாய் வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருந்தால் எங்கள் வீட்டுக் குழாயையே கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மகள் தன் இடுப்பில் கையை வைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லா முறுக்கு" என்பாள். பெயர் அப்படித்தான் வந்தது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் வெட்கமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஃப்ளஷ் தொட்டியில் தண்ணீர் இரையும் சத்தம் நிற்கும்வரை யாரும் கம்மோடில் உட்காரக் கூடாது. என்னால் வந்த சட்டம் அது. மனைவி தொட்டியைத் திறந்து போட்டுவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போன நேரத்தில், உள்ளே தண்ணீர் இரைவதைக் கவனிக்காமல் நான் பாட்டுக்குச் செய்தித்தாளோடு போய் உட்கார்ந்தேன். குழாய் பிய்த்துக்கொண்டு பீச்சியடித்தது. தொப்பலாக நனைந்து நான் ஓடிவந்த கோலத்தைப் பார்த்து மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்தாள். சட்டம் மனைவி எனக்காகப் போட்டது. மனப்பாடம் செய்துகொண்டவள் அவள்.

டயப்பரை விட்டதும் அவளேதான். ஒரு நாள் காலை நான் அதை எடுத்துக்கொண்டு போனபோது "வேணாம்" என்றாள். கொஞ்ச நாள் தரை நனைந்தது, படுக்கை நனைந்தது. அப்புறம் எதுவும் நனையவில்லை. மிச்சமிருந்த பாக்கெட்டைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கைக்குழந்தையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "அது பாப்பாவுக்கு. நான் பாப்பா இல்ல" என்றாள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அன்று கண் பரிசோதிக்க வந்தவர்கள் எல்லோரும் என் மகளின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுத்துகளைப் படிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் வேலைக்குப் போகும்போது அவளை விட்டுப்போகும் குழந்தைகள் காப்பகத்தில்தான் மானம் போனது. தினமும் சாயங்காலம் ஈரத் துணியைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, என் கையில் கொடுத்தார்கள். கொடுக்கிறவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சின்ன மிஸ். பாவம், அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. காப்பகத்தை நடத்தும் பெரிய மிஸ்தான் என்னை நிறுத்திவைத்து, குழந்தை இன்னும் தயாராகவில்லை, நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றார். வீட்டில் ஒரு சொட்டுச் சிந்துவதில்லை என்றேன். எல்லா அப்பா அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து மேஸ்திரியிடம் கேட்டேன், ஏன் அங்கே போகவில்லை என்று.

"காத்துட்டே இருந்தேன்" என்றாள்.

எனக்கு அது போதும். மறுநாளே போய், குழந்தையைக் காக்கவைத்துவிட்டு எங்கள்மேல் பழி போடுகிறீர்களா என்று கத்தினேன். காக்கவைப்பதாவது, கூப்பிட்டுக்கொண்டு போய்க் கழிப்பறை வாசலில் விட்டாலும் உள்ளே போக மாட்டேன் என்று நிற்கிறாள், சரியான பிடிவாதம் என்றார் பெரிய மிஸ். என் மகளைப் பிடிவாதக்காரி என்று சொல்லும் உரிமை எனக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும்தான் உண்டு. அதையும் சொன்னேன். பேச்சு தடித்தது. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு முடிவாகச் சொன்னார்.

"திங்கக்கிழமைலேருந்து டயப்பர் போட்டு அனுப்புங்க சார். இல்லேன்னா கொஞ்ச மாசம் வீட்டுல வச்சுப் பழக்கிட்டு அப்புறமா கூட்டிட்டு வாங்க."

வீட்டில் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? மனைவிக்கு அப்போதுதான் ஒரு முழுக் கட்டடத்தின் குழாய் வேலை தனியாகக் கிடைத்திருந்தது. எத்தனையோ வருடம் அடுத்தவருக்குக் கீழே வேலை பார்த்தபின் கிடைத்த வாய்ப்பு. அவள் வேலையையும் விட முடியாது, மகளுக்கு மறுபடி டயப்பர் மாட்டி அவள் முகத்தையும் பார்க்க முடியாது. நான் குதித்து முடிக்கும்வரை மனைவி கையில் ஒட்டியிருந்த குழாய்ப் பசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். வேறு காப்பகம் தேடலாமா என்றேன். முதலில் சண்டை போடாமல் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள்.

திங்கட்கிழமை புது டயப்பர் பாக்கெட் ஒன்றை வாங்கி, மகளுக்குத் தெரியாமல் அவள் பையில் துணிகளுக்கு அடியில் திணித்தேன். கை கூசியது. மகள் வகுப்புக்குள் ஓடியதும், பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பெரிய மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். நான் கத்தாமல் பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

பிள்ளைகளின் கழிப்பறைக்குள், முழங்கால் உயரத்துக் கைகழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நானும் அவரும் நின்றோம். அந்த வகுப்புக்கு ஒரே ஒரு குட்டிக் கம்மோடுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். மேஸ்திரியை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே எழுந்து விறுவிறுவென்று வந்தாள். வாசலில் நின்றாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே வந்த சின்ன மிஸ் உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். மாட்டேன் என்று தலையாட்டினாள். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, உதடு துடித்தது, ஆனாலும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"இதத்தான் சார் சொன்னேன்" என்றார் பெரிய மிஸ்.

நான் ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். "என்னடா கண்ணு, ஏன் போகல?"

"சத்தம் நிக்கலப்பா."

அப்போதுதான் என் காதில் விழுந்தது. தொட்டிக்குள் மெல்லியதாக ஓர் இரைச்சல். எங்கள் வீட்டில் ஓரிரு நிமிடத்தில் நிற்கும் சத்தம் இங்கே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது ரொம்ப நாளாகவே அப்படித்தான், எங்களுக்குக் காது பழகிவிட்டது என்றார் சின்ன மிஸ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடக்க முடியும்வரை அடக்கி, முடியாமல் போய், நின்ற இடத்திலேயே நனைந்து, மறுநாளும் வந்து அதே வாசலில் நின்றிருக்கிறாள் என் மகள்.

குழாய் வேலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தொட்டிக்குக் கீழே சுவரோரம் தண்ணீரை அடைக்கும் சின்னத் திருகு இருக்கும். பாய்ந்து போய் அதைப் பிடித்தேன். துருப்பிடித்துக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். இரைச்சல் குறைந்ததே ஒழிய நிற்கவில்லை.

"நல்லா முறுக்குப்பா" என்றாள் மேஸ்திரி, பின்னிய காலோடு.

முறுக்கினேன். நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியானதை அங்கிருந்தவர்கள் அன்றுதான் கேட்டிருப்பார்கள். மேஸ்திரி மறுபடி தலையைச் சாய்த்துச் சரிபார்த்தாள். உள்ளே போனாள். எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க."

போனோம். பெரிய மிஸ்தான் முதலில் போனார். கதவுக்கு வெளியே மூன்று பெரியவர்கள் மூச்சுவிடாமல் நின்றோம். உள்ளே கேட்க வேண்டிய சத்தம் கேட்டது. சின்ன மிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

கட்டட வேலையில் இருந்த மனைவிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். முதலில் சிரித்தாள். சாயங்காலம் தொட்டிக்குப் போடப் புது வாஷரோடு வருவதாகச் சொன்னாள். பிறகு, "நான் போட்ட சட்டத்த மதிக்க நம்ம வீட்டுல ஒருத்தியாவது இருக்காளே" என்றாள்.

நான் போனில் சொன்ன சட்டக் கதையைக் கேட்டபடி பெரிய மிஸ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "அடங்காம நிக்குறான்னு நெனச்சேன் சார். இவ்வளவு நாளும் சொன்ன பேச்ச மீறாம நின்னிருக்கா" என்றார். நானும் கத்தியதற்கு வருத்தம் தெரிவித்தேன். இரண்டு பேருக்கும் அதற்குமேல் சண்டையில் ஒன்றும் மிச்சமில்லை.

மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததும் அவள் கண் நேராகப் பெரிய மிஸ்ஸின் கையிலிருந்த பாக்கெட்டில் போய் நின்றது.

"அது யாருக்கு?"

பெரிய மிஸ் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, குனிந்து பாக்கெட்டை அவளிடம் நீட்டினார். "பக்கத்து ரூம் பாப்பாங்களுக்கும்மா. அப்பா வாங்கிட்டு வந்தார். நீ கொண்டுபோய்க் குடுக்கிறியா?"

மேஸ்திரி பாக்கெட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். தரதரவென்று தரையில் இழுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, பக்கத்து அறையைப் பார்த்து நடந்தாள்.