சுண்ணாம்புக் கலயம்

என்னைச் சும்மா உட்காரச் சொன்னால் அது எனக்குத் தண்டனை. பிறந்ததிலிருந்தே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான். வாய்த்த வேலையும் அதற்கேற்றதுதான். மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குப் பின்னால், காயல் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிற சுக்குப் பண்டகசாலை. காய்ந்த இஞ்சியைத் தொட்டியில் சுண்ணாம்புப் பாலில் முக்கி எடுத்து, முற்றத்தில் பரப்பி, புரட்டி, மறுபடி முக்கி, மறுபடி பரப்பி, நன்றாக வெளுத்ததும் புகை அறையில் அடுக்க வேண்டும். அங்கே இரும்புச் சட்டியில் கனல் போட்டு, மேலே கந்தகத்தைத் தூவிக் கதவை மூடிவிடுவார்கள். விடியும்வரை சுக்கு அந்தப் புகையில் கிடந்தால்தான் பளிச்சென்று இருக்கும், பூச்சி அண்டாது.

அந்த அறையைப் புகை கசியாமல் அடைப்பது என் பொறுப்பு. கதவு இடுக்கு, சுவர் உச்சியில் இருக்கிற காற்றுத் துவாரங்கள், எல்லாவற்றுக்கும் ஈரச் சாக்கைத் திணித்து மேலே களிமண்ணைப் பூச வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் முற்றத்தில் இருக்கிற நாங்கள் எல்லாரும் இருமிச் சாவோம்.

எமர்ஜென்சி முடிந்து தேர்தல் வந்ததே, அந்த வருஷம் மாசியிலேயே சரக்கு வருவது நின்றுபோனது. புகை அறை சும்மா கிடந்தது. அப்படிக் கிடந்தால் துவாரங்களை ஒரு நாள் திறந்து வைத்து நெடியை விரட்டிவிட்டு, மறுபடி அடைத்துவிடுவது வழக்கம். திறந்த மறுநாள் காலையில் ஒரு வண்ணாத்திக்குருவி துவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, வீடு பார்க்க வந்த சம்பந்தி போல அப்படி ஒரு தோரணை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துவாரத்தை நான் அடைக்கவில்லை. அதன் பெட்டையும் சேர்ந்து வந்து அங்கே கூடு கட்ட ஆரம்பித்தது.

அதோடு விட்டேனா? சாக்கிலிருந்து பிரித்த நூலையும் கயிற்று நாரையும் மதில்மேல் போட்டு வைத்தேன். நிழலில் ஒரு சிரட்டைத் தண்ணீர். பூனை வந்தால் துடைப்பத்தைத் தூக்கினேன். காலையில் முற்றம் பெருக்கும்போது ஈரச் சருகைக் கிளறி விட்டால் அடியிலிருந்து புழுவும் பூச்சியும் வெளியே வரும். பெட்டை கையெட்டும் தூரத்துக்கு வந்து கொத்திக்கொண்டு போகும். மத்தியானத்துக்கு மேல் மட்டும் என் பக்கமே வராது. உச்சி வெயில் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்யும் ஜுமைலா பாலக்காட்டுத் தமிழ்க்காரி, வாய் நீளம். "லச்சுமியக்கா, குருவிக்குக் குடித்தனம் வச்சுக் குடுத்தாச்சு. அப்படியே எனக்கும் ஒரு மாப்பிள்ளை பாரேன்" என்பாள்.

துவாரத்துக்குள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. அவற்றின் உடம்பில் முள்முள்ளாக இறகு குத்திட்டு நின்ற சமயம் பார்த்து, எங்கிருந்தோ கடைசி லோடு இஞ்சி வந்து இறங்கியது.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இஞ்சியை முக்குகிறேன், கண் துவாரத்தில். பரப்புகிறேன், கண் வானத்தில். ஒரு மேகம் வராதா, ஒரு மழை கொட்டாதா! சுக்கு காயக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே சுக்குக்காரி நானாகத்தான் இருப்பேன். புரட்டுகிற சாக்கில் மேலே காய்ந்ததை அடியில் தள்ளினேன், ஈரமானதைக் குவித்து வைத்தேன். வெயிலோ என்னைப் பழிவாங்குகிற மாதிரி அடித்தது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைப்பதற்குள் சுக்கு கலகலவென்று காய்ந்துவிட்டது.

மேஸ்திரி சலாவுதீன் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தார். "இன்னைக்குச் சாயங்காலம் புகை போட்டுரலாம்" என்றார்.

பின்னாலேயே ஓடினேன். "பாய், ஒரு வாரம் பொறுத்துக்கங்க. குஞ்சு இருக்கு அந்தத் துவாரத்துல. பறந்துரும்."

"கப்பல் ஐலண்டுத் துறையில வந்து நிக்குது, வீரலட்சுமி. குருவி இன்னும் சம்மதிக்கலைன்னு நான் கேப்டன்கிட்டப் போய்ச் சொல்லட்டுமா?"

"சாக்கை வச்சு அடைச்சா உள்ளேயே செத்துப்போகும் பாய்."

"அந்தத் துவாரத்தை உன்னை யாரு திறந்து போடச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. வேறு எங்கேயாவது ஒரு பொந்தில், மரத்தில், யாருடைய ஓட்டிடுக்கிலாவது பத்திரமாகக் கட்டியிருக்க வேண்டிய கூடு. நூலும் நாரும் போட்டு, புழு காட்டி, தண்ணீர் வைத்து, இந்தக் கொலைக்களத்துக்கு நான்தான் கூட்டி வந்திருக்கிறேன். ஐயோ பாவம் என்று செய்ததெல்லாம் இப்போது என் கழுத்தைப் பிடித்தது.

சலாவுதீன் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "நானும் புள்ளகுட்டிக்காரன்தான். சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் உனக்கு நேரம். அதுக்குள்ள என்ன செய்வியோ செஞ்சுக்க. பாங்கு சொன்னா துவாரம் அடைஞ்சிருக்கணும்."

ஏணியைச் சாத்தினேன். கூட்டை அடியோடு இரண்டு கைகளாலும் எடுத்தேன். மூன்று வாயும் என்னைப் பார்த்துத் திறந்தன. தாய் தலைக்கு மேலே கத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் பறந்தது. கூட்டை வைக்க ஏதாவது வேண்டும். தொட்டியருகே வாய் உடைந்த கலயம் ஒன்று கிடந்தது, சுண்ணாம்புப் பால் மொள்ளுகிற கலயம். உள்ளே நன்றாகக் கழுவித் துடைத்தேன். வெளியே பிடித்திருந்த சுண்ணாம்பை அப்படியே விட்டேன்; எறும்பு ஏறாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். எங்களுக்கு வெள்ளை என்றாலே சுத்தம்தானே! கூட்டை அதில் வைத்து, துவாரத்துக்கு ஒரு முழம் தள்ளி, கயிறு கட்டி ஆணியில் தொங்கவிட்டேன்.

பிறகு துவாரத்தில் சாக்கைத் திணித்தேன்.

பெட்டை ஒரு புழுவோடு வந்தது. சாக்கின் மேல் மோதியது. திரும்பிப் போய் மதில்மேல் உட்கார்ந்தது. மறுபடி வந்து மோதியது. கலயத்தில் குஞ்சுகள் கதறுகின்றன, ஒரு முழ தூரம்தான், தலையைத் திருப்பினால் போதும். அது கலயத்தைப் பார்த்ததும் விர்ரென்று விலகி ஓடியது. ஆண் இன்னும் மோசம், கூரையிலிருந்து இறங்கவே இல்லை, திட்டிக்கொண்டே இருந்தது.

நான் முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சுக்கைக் கூடையில் வாரினேன், பாதியில் போட்டேன், வந்து பார்த்தேன். "இந்தா இருக்குதுடி, இங்க பாருடி" என்று குருவியிடம் கத்தினேன். வெயில் ஏறியது. கலயத்திலிருந்து வந்த சத்தம் குறைந்தது. குறைந்ததுதான் எனக்குப் பயம்.

"அக்கா, சாயா ஆறுது. குடிச்சுட்டு வந்து கத்து" என்றாள் ஜுமைலா.

"சாயா ஒண்ணுதான் குறைச்சல்!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "சுக்கை முக்கினது போதாதுன்னு கூட்டையும் முக்கிட்டியா? இம்மாம் வெள்ளையா ஒண்ணு என் வீட்டு வாசல்ல தொங்கினா நானே உள்ளே போக மாட்டேன்."

எரிச்சலில் அவளைத் திட்ட வாயெடுத்தேன். கையை நீட்டினேன். நீட்டிய கையைப் பார்த்தேன். சுக்கை வாரியதில் முழங்கை வரை வெள்ளை. காலையில் வெறுங்கையோடு பெருக்கும்போது பக்கத்தில் வரும். மத்தியானம், தொட்டியில் கைவிட்ட பிறகு வராது. அதற்கு வெயில் பிடிக்காமல் இல்லை. என் சுண்ணாம்புக் கையைத்தான் பிடிக்கவில்லை. இத்தனை நாள் பார்த்தேன் பார்த்தேன் என்று பீற்றிக்கொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்!

துவாரம் அடைக்கக் குழைத்து வைத்திருந்த களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கலயத்தை மெழுகினேன். சுவரின் கரியை வழித்து அதன்மேல் தேய்த்தேன். என் கைகளுக்கும் பூசிக்கொண்டேன். இறங்கி, ஏணியை எடுத்து, சுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தோம், நானும் ஜுமைலாவும். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டை மதிலுக்கு வந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. ஆணிக்கு வந்தது. கலயத்தின் விளிம்புக்கு வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. உள்ளே குனிந்தது. வாலை மட்டும் நான் பார்த்தேன், அது ஆடியது. ஜுமைலா என் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

அன்று நான் அடைத்த மாதிரி அந்த அறையை அதற்கு முன்னால் அடைத்ததே இல்லை. ஒரு நூல் புகை கசிந்தாலும் முதலில் போவது கலயம். கதவுக்கு இரண்டு பூச்சு, துவாரங்களுக்கு மூன்று பூச்சு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகிற இடமெல்லாம் சாக்கு. கனல் போட்டுக் கதவை மூடியபின் சுவரில் மூக்கை வைத்து மோந்துகொண்டே சுற்றி வந்தேன். யாரும் இருமவில்லை. சலாவுதீன் பாய், "இனி வருசா வருசம் ஒரு குருவி வளர்க்கணும் போலிருக்கே" என்றார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி தோப்பும்படி ஹார்பரில் மீன் சுமப்பவர். "இப்படிப் புரண்டா பாய்தான் கிழியும்" என்று சலித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன்.

பெட்டை இரை கொடுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் ஏணியில் ஏறிப் பார்த்தேன். இரண்டு வாய்கள் திறந்தன. மூன்றாவது, கடைக்குட்டி, அண்ணன்மார் காலடியில் தட்டையாகக் கிடந்தது. புகை படவில்லை, நெடியே இல்லை. வெள்ளைக் கலயம் வெயிலில் தொங்கிய அந்தப் பாதிப் பகலை அதனால் தாங்க முடியவில்லை. உள்ளங்கையில் எடுத்தேன். கனமே இல்லை. ஏணியின் மேல் படியிலேயே நின்று அழுதேன். மற்ற இரண்டும் அந்த வாரம் பறந்து போனதைப் பார்த்தபோதும் எனக்கு முழுச் சந்தோஷம் வரவில்லை.

மறு வருஷம் சரக்கு நின்றதும் துவாரங்களைத் திறந்தேன். நாள் பூராவும் கீழேயே நின்றிருந்து சாயங்காலம் அடைத்தேன். மறுநாள் காலையில் அதே ஜோடி வந்தது. அதே துவாரம். பெட்டை சாக்கைக் கொத்தி நூல் நூலாக இழுத்தது. வாயில் ஒரு நார்கூட வைத்திருந்தது. இந்த முறை மதிலில் நான் நூல் போடவில்லை, நார் போடவில்லை. பின்பக்கப் பலா மரத்தில் மண் பூசிய கலயம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தேன். அதை அது திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம்!

தொட்டிக்குப் போய் முழங்கைவரை கையை முக்கினேன். துவாரங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்தேன். பிறகு அந்தத் துவாரத்தின் நேர் கீழே போய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். பெட்டை வந்தது, என்னைப் பார்த்தது, விர்ரென்று விலகியது. மறுபடி வந்தது. நான் கையைத் தட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். காலை முழுக்க இதே கூத்து.

"போன வருசம் மடியில போட்டுத் தாலாட்டாத குறை. இப்பப் பேயை ஓட்டுற மாதிரி ஓட்டுறியே. உனக்கு மனசே இல்லையா அக்கா?" என்றாள் ஜுமைலா.

"இருக்கு. அதான் நிக்கிறேன். நீ போயி சாயா குடி."

வெயில் உச்சிக்கு வந்தபோது அது நாரை வாயிலேயே கவ்விக்கொண்டு மதிலைத் தாண்டிப் போனது. பலா மரத்துக்கும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வளவிலிருந்து ஆணின் பாட்டுக் கேட்டது. எங்கே இருக்கிறது, எந்தப் பொந்து, ஒன்றும் எனக்குத் தெரியாது. மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. போகவில்லை. திரும்பி வந்தாலும் வரும் என்று, வெள்ளைக் கைகளைத் தூக்கியபடி, அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு துவாரத்தின் கீழேயே நின்றேன்.