இடக்கை லுப்பர்ட்டின் வலக்கைப் படம்

லுப்பர்ட்டுக்குத் துப்பாக்கி இடது தோளில்தான் உட்காரும். வலது தோளுக்கு மாற்றினால், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி இறங்கிப் போய்விடும்.

துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் எரியும் திரியை அணியில் மற்றவர்கள் இடக்கையில் பிடிப்பார்கள், இவன் வலக்கையில். இருவருக்கு நடுவே இரண்டு திரிகள் மோதியதில், வலப்பக்கம் நின்ற ஹில்லேயின் தாடி பாதி போயிற்று. மீதியை அவன் மழிக்கவில்லை, சாட்சிக்கு வேண்டுமாம்.

சார்ஜெண்ட் வோல்ஃபர்ட் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள கை மாறல, ஊருக்குப் போய் முட்டைக்கோஸ் நடு."

ஊரில் நடுவதற்கு நிலம் இல்லை, வெள்ளம் கொண்டுபோய்விட்டது. படையை விட்டால் லுப்பர்ட்டுக்குப் போக்கிடம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து, பயிற்சிப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கும் கோசன், மாதிரிக்கு நிற்க நல்ல வீரன் ஒருவனை அனுப்பச் சொன்னார். நல்ல வீரர்களுக்கு வேலை இருந்தது. ஆகவே லுப்பர்ட் போனான்.

கோசன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "பாத்தபடியே செதுக்கினேன். தாள்ல அச்சடிச்சா பட்டாளமே இடக்கை! திருப்பித் திருப்பி வரைஞ்சே கண்ணு போச்சு. சரி, நில்லு தம்பி."

லுப்பர்ட் வலது தோளில் ஏற்றினான். துப்பாக்கி சரிந்து மைச்சட்டியைக் கவிழ்த்தது. பதறி இடது தோளில் தாங்கிக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க ஐயா..."

"அசையாதே! அப்படியே நில்லு! இத்தனை நாளா எங்கடா இருந்தே?"

படம் முகாமுக்கு வந்தது. படை முழுக்க இதுபோலவே நிற்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவும் கூட வந்தது. சார்ஜெண்ட் அதை லுப்பர்ட்டின் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

"பாருடா, தோள் எப்படி நிக்குது! இவன் சிப்பாய். நீயும் இருக்கியே!"

"அது நான்தாங்க ஐயா."

சார்ஜெண்ட் தாளையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் மூக்கு மத்தப் பக்கம்ல கோணியிருக்கு?"

"அச்சுல எல்லாமே பக்கம் மாறிடுங்க. இன்னும் நெறைய நிலை வரைய பாக்கியாம், கோசன் ஐயா வரச் சொல்லியிருக்காரு."

"அப்ப நாடே உன்னைப் பாத்துத்தான் துப்பாக்கி பிடிக்கணுமா?"

"உத்தரவு அப்படித்தாங்க இருக்கு."

ஹில்லே இருமுவதுபோல் சிரித்தான். சார்ஜெண்ட் படத்தை மெதுவாகச் சுருட்டினார்.

"வலது ஓரத்துல போய் நில்லு. அந்தப் பக்கம் நீ கொளுத்த ஆளில்ல."

லுப்பர்ட் ஓடினான். அவனுக்கு வலப்பக்கம் கால்வாயும் இரண்டு வாத்துகளும் மட்டும். துப்பாக்கியை இடது தோளில் ஏற்றினான். இறக்கச் சொல்லி யாரும் கத்தவில்லை.