கல்லுக்கு வெளியே

சவப்பெட்டியைச் சுவர் மாடத்துக்குள்ளே தள்ளியாயிற்று. கொத்தன் தென்சியோ மாடத்தின் வாயிலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தான். மனிலாவின் அந்த இடுகாட்டில் பிணங்களுக்கும் அடுக்கு வீடுதான். இசித்ரோவுக்குக் கிடைத்தது இரண்டாம் அடுக்கு.

"கீழ் வீடுன்னா மழைத்தண்ணி வரும்க்கா, மேல் வீடுன்னா ஏணி வேணும். இதுதான் நல்ல வீடு" என்றான் தென்சியோ. அம்பாரோவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஊர் வழக்கப்படி பிணத்தோடு கண்விழித்த ஆறு நாளில் புருஷனுக்காக அழவேண்டியதை எல்லாம் அழுது தீர்த்திருந்தாள்.

சிமெண்ட் காய்வதற்குள் பெயரைக் கீறவேண்டும். பளிங்குக் கல் வந்து மூடும்வரை அதுதான் அடையாளம். வழக்கமாகக் கொத்தனே ஆணியால் கீறிவிடுவான்.

"ஆணியை என்கிட்ட குடு தென்சியோ."

குடை பிடித்து நின்ற ஃபோர்த்துனாதோ தொண்டையைச் செருமினார். இசித்ரோவின் அண்ணன். கல்லுக்குச் சொல்லிவைத்தவர் அவர்தான். கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து, தங்கப் பூச்சு.

"உனக்கு எதுக்கும்மா? அடுத்த வாரம் கல்லு வந்து எல்லாத்தையும் மூடிரும்."

"மூடட்டும் அத்தான். நான் எழுதுறேன்."

"அப்ப அளந்து எழுது. கோடு போட்டுக்க. செத்தப்புறமாவது அவன் பேரு நேரா நிக்கட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

இசித்ரோ பஞ்சர் ஒட்டுகிறவன். பெயிண்டும் பிரஷும் எப்போதும் கையில் இருந்ததால், தெருவில் யாருக்குப் பலகை வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வருவார்கள். ஒருநாளும் அளந்ததில்லை. முதல் எழுத்தை ஏக தாராளமாகப் போடுவான். பாதிக்குமேல் இடம் நெருக்கும். கடைசி எழுத்துக்கு இடமே இருக்காது. அதைக் குட்டியாக்கி நுழைக்கவும் மாட்டான். ஓரத்தில் மேலே ஏற்றிவிடுவான். ஐஸ்காரி பலகையில், முடிவெட்டும் கடையில், வாழைப்பழம் பொரிக்கிற வண்டியில், எல்லாவற்றிலும் கடைசி எழுத்து தனியாக மாடியேறி நிற்கும். சில கடைகளில் பலகையைத் தாண்டிச் சுவரிலேயே நிற்கும். "உங்க தெருவே குடிச்சிட்டு நிக்குது" என்பார் ஃபோர்த்துனாதோ, வரும்போதெல்லாம்.

அம்பாரோவும் சும்மா இருந்தவளில்லை. "ஒரு தடவை அளந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று இருபத்தாறு வருஷம் கேட்டிருக்கிறாள். அளவு நாடாகூட வாங்கிக் கொடுத்தாள். அதில் அவன் துணி காயப்போட்டான். "பலகைதானே தீந்துச்சு, மேல இடம் கிடக்குதுல்ல?" என்பான்.

இப்போது நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. மூத்தவர்மேல் மட்டுமில்லை, நாடா வாங்கிய தன்மேலும்.

"அளக்கமாட்டேன் அத்தான்."

"ஊர் சிரிக்கும்."

"அவர் பலகையைப் பார்த்துச் சிரிச்ச ஊர்தான் இந்த வெயில்ல பின்னாலயே நடந்து வந்திருக்கு."

ஃபோர்த்துனாதோ திரும்பிப் பார்த்தார். தெருவே நின்றுகொண்டிருந்தது. ஐஸ்காரி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"தென்சியோ, கல்லு எதுவரைக்கும் வரும்?"

"இந்த விளிம்பு வரைக்கும்க்கா."

"அதுக்கு மேல, வலப்பக்கம், ஒரு கை அகலத்துக்குப் பூசு."

"அது மேல்வீட்டு இடம்மா" என்றார் ஃபோர்த்துனாதோ.

"மேல்வீடு காலிங்க" என்றான் தென்சியோ. அவன் வீட்டு வாசலிலும் இசித்ரோ எழுதிய பலகை ஒன்று உண்டு. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கரணையை எடுத்துப் பூசினான்.

ISIDRO என்ற ஆறு ஆங்கில எழுத்துகளில் முதலாவதை அம்பாரோ முழங்கை நீளத்துக்கு இழுத்தாள். எங்கும் நிதானிக்கவில்லை. ஐந்தாவது எழுத்தோடு பூசிய வாயிலின் அகலம் முடிந்துபோயிற்று. ஆறாவது வெறும் வட்டம். நுனிக்காலில் எம்பி, விளிம்புக்கு மேலே, ஈரச் சிமெண்டில் அதைச் சுழித்தாள்.

"அது கல்லுக்கு வெளியில நிக்குதே" என்றார் ஃபோர்த்துனாதோ.

"ஆமா அத்தான்."

ஆணியைப் பாவாடையில் துடைத்துத் தென்சியோவிடம் நீட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல் வந்தது. தங்க எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், பிசகாமல் நின்றன. அதற்கு மேலே, வலப்பக்கம், காலி வீட்டுச் சுவரில் ஒரு வட்டம் இருந்தது.