2014-இல் குறைந்த ஒருவர்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'கொடைக்கானலைப் பனி மூடியிருந்த ஒரு காலையில்…' என்றுதான் தொடங்கினேன். (பனி வேண்டுமென்றால் பெருமாள்மலை வழியாக நீங்களே வந்து பார்க்கலாம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

வில்பட்டிக்கு மேலே ஒரு சிற்றூர். 2011 கணக்கெடுப்பில் 540 பேர். அதன்பின் யாரும் போய் எண்ணவில்லை; ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர் கூடியதாகப் புள்ளியியல் அலுவலகமே மதிப்பிட்டுக்கொண்டது. இப்போது, 2027-இல், புதுக் கணக்கெடுப்பு வந்துவிட்டது: 410 பேர். வீடுகள் மட்டும் 130-லிருந்து 236. பாதி, பூட்டிக் கிடக்கும் காட்டேஜ்கள்.

இடைப்பட்ட ஆண்டுகளின் பழைய மதிப்பீடுகளைத் திருத்தும் வேலை, அந்த அலுவலகத்தில் பணிபுரியும் ஆக்ஸிலியாவிடம் வந்தது.

"கொறஞ்சத வருசத்துக்கு எட்டுன்னு சமமாப் பிரிச்சு விடுங்க மேடம். சோலி முடிஞ்சுது," என்றார் அதிகாரி சுவாமிநாதன்.

2

ஆக்ஸிலியா நேர்மையானவள், துணிச்சல்காரி, எதற்கும்…

இல்லை. அவ்வளவு பெரிதாக்கினால் அவளே சிரிப்பாள். வருடம் தவறாமல் எட்டெட்டுப் பேராகவா ஊரைவிட்டுப் போவார்கள் என்று உறுத்தியது. சனிக்கிழமை அந்த ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

கேரட் கழுவிக்கொண்டிருந்த முருகம்மாளுக்கு எந்த வீடு எந்த வருடம் காலியானது என்பதெல்லாம் மனப்பாடம். ஒரு வருடம் ஒருவரும் போகவில்லை. மழை பொய்த்த வருடம் முப்பது பேர்.*

"ஒங்க வீட்டுலங்க?"

"எம்மவன் குகன் 2014-ல திருப்பூர் போனான். ஊருக்கு வாடான்னா, 'நேத்துதானம்மா கெளம்பி வந்தேன்'ங்கான். பதிமூணு வருசமா அது நேத்துத்தான்!" கேரட்டைக் கீழே வைத்தாள். "அப்பலருந்து நா ஒத்தையில கெடக்கேன்னு கவர்மெண்டுல எழுதுவீங்களா?"

"பேரு வராதுங்கம்மா. நம்பர் மட்டுந்தான்."

"நம்பரே வரட்டும். கொறையுற நம்பர்ல எம்புள்ள எதுன்னு எனக்குத் தெரியாதா? எழுதுனதுல ஒரு காப்பி குடுங்க, அவனுக்கு அனுப்பணும்."

* நான் சரிபார்க்கவில்லை. ஆக்ஸிலியா பக்கத்து இரண்டு வீடுகளில் சரிபார்த்தாள்.

3

திங்களன்று அட்டவணை அதிகாரியின் மேசைக்குப் போனது.

"இதென்ன மேடம், பல்லு விழுந்த சீப்பு மாதிரி?"

"அப்படித்தான் சார் போயிருக்காங்க."

சுவாமிநாதன் பேனாவைத் திறந்தார்.

நான் முதலில் எழுதிய முடிவில் அவர் கையெழுத்துப் போட்டார். படிக்க நன்றாக இருந்தது, நம்ப முடியவில்லை. இரண்டாவதில் எட்டெட்டாகவே பிரிக்கச் சொன்னார். நம்ப முடிந்தது, எழுதக் கை வரவில்லை.

இதற்கிடையே முருகம்மாள் தினமும் போன் செய்கிறாள்: "காப்பி வந்துருச்சாங்க?" ஆக்ஸிலியா என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். பேனா இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது. எந்த முடிவென்று மை காய்வதற்குள் சொல்லுங்கள்.